ஐஎஸ்ஓ கோப்பு திறக்கவில்லையா? அழிப்பதற்கு முன் ஒரு வகுத்தல் கணக்கு

அத்தையின் கல்யாணம் 2003-இல் நடந்தது. ஸ்டூடியோக்காரர் கொடுத்த இரண்டு விசிடியையும் அவர் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தார். வீட்டில் சிடி பிளேயர் இல்லாமல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அதனால் ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே இரண்டே இரண்டு ஐஎஸ்ஓ கோப்பு. இரண்டும் திறக்கவில்லை. டிஸ்க் இமேஜ் கெட்டுப்போயிருக்கிறது என்று விண்டோஸ் சொல்லிவிட்டது. அழித்துவிட்டு வேறு கடையில் கொடுக்கலாம் என்று அத்தை பையன் கிளம்பிவிட்டான்.

உண்மையில் அந்த இரண்டில் ஒன்று கெடவே இல்லை, பெயர்தான் தப்பு. இன்னொன்று பாதியில் அறுந்திருந்தது. எது எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு கால்குலேட்டர் போதுமாக இருந்தது. இப்படிப் பழைய சிடி, டிவிடிகளின் ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

டிஸ்க் இமேஜ் என்பது ஒரு சிடியையோ டிவிடியையோ முதல் செக்டரிலிருந்து (வட்டில் தகவல் எழுதப்படும் சின்னச் சின்னத் துண்டுதான் செக்டர்) கடைசி செக்டர் வரை, வரிசை மாறாமல், ஒரே கோப்பாக எடுத்து வைப்பது. அதில் இருக்கும் படங்களையும் பாட்டையும் மட்டும் அல்லாமல், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்கிற பட்டியலையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட டிஸ்க் இமேஜில் ஒரு வகைதான் ஐஎஸ்ஓ. ஆகவே அது ஒரு வீடியோ கோப்பு கிடையாது. டிவியின் யுஎஸ்பி துளையில் செருகினால் பெரும்பாலான டிவிகள் அதைக் கண்டுகொள்ளாது. அது டிவியின் குறையும் இல்லை, உங்கள் கோப்பின் குறையும் இல்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். "திறக்கவில்லை" என்பது வேறு, "ஓடவில்லை" என்பது வேறு. கோப்பைச் சொடுக்கியதும் பிழைச் செய்தி வந்தால் திறக்கவில்லை. திறந்து, உள்ளே ஃபோல்டர்கள் தெரிந்து, படம் மட்டும் வரவில்லை என்றால் ஓடவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலில் கணினிக்குள் கொண்டுவாருங்கள்

பென் டிரைவிலோ, கேபிளில் இணைத்த போனிலோ, ஜிப் கோப்புக்குள்ளோ இருக்கும் ஐஎஸ்ஓவைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறவர்கள் அதிகம். விண்டோஸ் தானாக ஐஎஸ்ஓவைத் திறக்க வேண்டும் என்றால் அது என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள டிரைவில், சுருக்கப்படாத ஃபோல்டரில் இருப்பது நல்லது. கணினியின் சி அல்லது டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் நகலெடுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். இனி செய்வது எல்லாம் நகலில்தான்.

நகலெடுத்தவுடன் சில கோப்புகள் தாமாகவே திறந்துகொள்வதும் உண்டு. டாரென்ட் மூலம் இறக்கிய கோப்புகளில், இன்னும் நிரம்பாத இடங்களை விட்டுவைப்பதற்காக ஒரு தனி அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அடையாளம் இருந்தால் விண்டோஸ் அதை மவுன்ட் செய்ய, அதாவது வட்டு போட்ட ஒரு டிரைவ் போலத் திறந்து காட்ட, மறுக்கும். வேறு டிரைவுக்கு ஒருமுறை நகலெடுத்தால் பெரும்பாலும் அது உதிர்ந்துவிடும்.

நகலெடுக்கும்போது 4 ஜிபி என்ற எண்ணை மறக்காதீர்கள். சந்தையில் கிடைக்கும் பல பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் வருகின்றன. அதில் ஒரே கோப்பு 4,294,967,295 பைட்டுக்கு மேல் இருக்க முடியாது. நிரம்பிய டிவிடி ஒன்றின் ஐஎஸ்ஓ ஏறக்குறைய 4.7 நூறு கோடி பைட் வரும். விண்டோஸ் என்றால் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடும். சில மென்பொருள்கள் 4 ஜிபி வரை எழுதிவிட்டு நின்றுவிடுகின்றன. உங்கள் கோப்பின் அளவு சரியாக 4.00 ஜிபியில் நின்றிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், அங்கேதான் அறுந்திருக்கிறது. பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மட் செய்துவிட்டு மறுபடி நகலெடுக்கச் சொல்லுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்பதால் முதலில் அதை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

கோப்பின் முழுப் பெயர் என்ன?

விண்டோஸ் கோப்பின் கடைசி எழுத்துகளை மறைத்து வைத்திருக்கும். எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவுக்குப் போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் அது 'வியூ'வுக்குள் 'ஷோ' என்ற இடத்தில் இருக்கிறது. இதைச் செய்தாலே பாதிப் பேருக்குப் பதில் கிடைத்துவிடும். ஐஎஸ்ஓ என்று நினைத்தது குரோமில் பாதி இறங்கிய கோப்பாக இருக்கும். அல்லது 001, 002 என்று முடியும் துண்டுகளில் ஒன்றாக இருக்கும். துண்டுகள் என்றால் எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். பிறகு முதல் துண்டைச் செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் போதும், மற்றதை அது எடுத்துக்கொள்ளும்.

என்ஆர்ஜி என்று முடிந்தால் அது நீரோ மென்பொருள் எழுதியது. எம்டிஎஃப், எம்டிஎஸ் என்று இரண்டு கோப்பு இருந்தால் ஆல்கஹால் 120% எழுதியது. டிஎம்ஜி என்றால் மேக் கணினிக்கானது. இவற்றை விண்டோஸ் தானாகத் திறக்காது. டிஎம்ஜியை மட்டும் செவன்-ஜிப் பல நேரம் திறந்துவிடும். மற்ற இரண்டுக்கும் வின்சிடிஎமு என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நிறுவிவிட்டுக் கோப்பைச் சொடுக்கினால் ஒரு புது டிரைவ் முளைக்கும்.

அடுத்து, அதிகம் குழப்புகிற ஜோடி. பி, ஐ, என் என்று முடியும் 'பின்' கோப்பு ஒன்று, சி, யு, இ என்று முடியும் 'கியூ' கோப்பு ஒன்று. 'பின்' பல நூறு எம்பி இருக்கும், 'கியூ' ஒரு கேபி கூட இருக்காது. சின்னதாக இருக்கிறதே என்று 'கியூ'வைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். திறக்க வேண்டியதே அதைத்தான். அது சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து பார்க்கலாம். முதல் வரியில் மேற்கோள் குறிகளுக்குள் 'பின்' கோப்பின் பெயர் இருக்கும். யாராவது 'பின்' கோப்புக்கு "அம்மா கல்யாணம்" என்று ஆசையாகப் பெயர் மாற்றியிருந்தால் 'கியூ'வுக்கு அது தெரியாது, பழைய பெயரையே தேடிக்கொண்டு நிற்கும். நோட்பேடில் அந்த ஒரு பெயரைத் திருத்திச் சேமியுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டால் பழைய மென்பொருள்களுடன் தகராறு வராது.

இப்போது அந்தக் கணக்கு

கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறங்கள். 'சைஸ்' என்ற வரியில் எம்பி கணக்குக்குப் பக்கத்திலேயே பைட் கணக்கு இருக்கும். அதன் கீழே இருக்கும் 'சைஸ் ஆன் டிஸ்க்' நமக்கு வேண்டாம். மேல் வரியில் இருக்கும் பைட் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

உண்மையான ஐஎஸ்ஓ கோப்பில் ஒரு செக்டருக்கு 2048 பைட். சிடியின் செக்டரை எதையும் கழிக்காமல் முழுதாக எடுத்தால் ஒரு செக்டருக்கு 2352 பைட், 'பின்' கோப்புகள் அப்படித்தான் இருக்கும். ஆகவே அந்த எண்ணை 2048-ஆல் வகுங்கள், பிறகு 2352-ஆல் வகுங்கள். எதில் மீதியில்லாமல் வகுபடுகிறதோ அதுதான் அந்தக் கோப்பின் சாதி. அபூர்வமாக இரண்டிலும் வகுபடும், அப்போது இரண்டு வழியையும் முயன்று பார்க்க வேண்டியதுதான். எதிலுமே வகுபடவில்லை என்றால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். என்ஆர்ஜி போன்றவற்றில் மென்பொருள் தன் குறிப்புகளையும் சேர்த்து எழுதும் என்பதால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

அத்தையின் முதல் கோப்பு 611,520,000 பைட். 2048-ஆல் வகுத்தால் 298,593.75. வரவில்லை. 2352-ஆல் வகுத்தால் சரியாக 260,000. அவ்வளவுதான் விஷயம். கடைக்காரர் முழு செக்டரையும் எடுத்திருக்கிறார், ஐஎஸ்ஓ என்று பெயர் கொடுத்துவிட்டார். விண்டோஸ் 2048, 2048 என்று எண்ணிக்கொண்டு போய், பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதையோ பார்த்துவிட்டு, கெட்டுப்போன கோப்பு என்று சொல்லியிருக்கிறது.

சிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டர். 260,000-ஐ 75-ஆல் வகுத்தால் 3,466 நொடி சொச்சம், அதாவது 57 நிமிடம் 46 நொடி. விசிடியின் அட்டையில் ஸ்டூடியோக்காரர் 57 நிமிடம் என்று எழுதியிருந்தார். கோப்பைத் திறக்காமலே, கல்யாணம் முழுதாக உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அத்தையிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

பெயரின் கடைசி மூன்று எழுத்தை 'பின்' என்று மாற்றி விஎல்சி பிளேயரில் இழுத்துப் போட்டேன். முதல் காட்சியாக நாதஸ்வரம் வந்தது. விசிடி இமேஜ் என்றால் விஎல்சி பெரும்பாலும் இப்படி நேரடியாகவே ஓட்டிவிடும், 'கியூ' இல்லாவிட்டாலும் கூட.

விசிடியை ஏன் ஒழுங்கான ஐஎஸ்ஓவாக எடுக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1993-இல் வந்த விசிடி முறையில் வீடியோ செக்டர் ஒன்றில் 2324 பைட் தகவல் இருக்கும். சாதாரண டேட்டா செக்டரில் பிழை திருத்துவதற்காக ஒதுக்கிய இடத்தை எடுத்துத்தான் இந்த அதிக இடம் வந்தது. படத்தில் ஒரு புள்ளி மாறினால் யாருக்கும் தெரியாது என்ற கணக்கு. 2324-ஐ 2048-க்குள் அடைக்க முடியாது அல்லவா? அதனால் விசிடி என்றால் கடையில் கொடுக்கும்போதே "'பின்', 'கியூ' இரண்டாக எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். டிவிடிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதற்கு ஐஎஸ்ஓவே சரி.

மவுன்ட் செய்வது

2048 கணக்கு சரியாக வந்த ஐஎஸ்ஓவை விண்டோஸ் 8 முதல் நேரடியாகத் திறக்கலாம். இரண்டு முறை சொடுக்கினால் டிவிடி டிரைவ் போல ஒன்று தோன்றும். அப்படி வராமல் வின்ரார் திறந்துகொண்டால், அந்த மென்பொருள் ஐஎஸ்ஓவைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டது என்று அர்த்தம். வலது கிளிக், 'ஓப்பன் வித்', அதில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர். இதையே எப்போதும் பயன்படுத்து என்று டிக் செய்துவிட்டால் திரும்ப வராது. ஏற்கெனவே மவுன்ட் ஆன கோப்பை மறுபடி சொடுக்கினாலும் பிழை வரும். 'திஸ் பிசி'யில் பார்த்து, இருந்தால் 'இஜெக்ட்' செய்துவிட்டு முயலுங்கள். விண்டோஸ் 7-இல் இந்த வசதி கிடையாது, வின்சிடிஎமு போட்டுக்கொள்ளுங்கள். மேக்கில் இரண்டு முறை சொடுக்கினால் போதும்.

இங்கும் திறக்கவில்லையா? செவன்-ஜிப்பில் திறந்து பாருங்கள். விண்டோஸ் மறுப்பதை அது பல நேரம் திறந்து காட்டும், தகவல் பாதியில் முடிந்திருந்தால் அதையும் சொல்லும். கோப்புகளின் பட்டியல் தொடக்கத்திலேயே இருப்பதால், பாதி அறுந்த ஐஎஸ்ஓவிலும் ஃபோல்டர்கள் எல்லாம் அழகாகத் தெரியும். அதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். கடைசிக் கோப்பை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

உள்ளே வீடியோ_டிஎஸ், ஆடியோ_டிஎஸ் என்று இரண்டு ஃபோல்டர் இருந்தால் அது டிவிடி. ஆடியோ_டிஎஸ் காலியாக இருப்பது இயல்பு. சத்தம் போய்விட்டது என்று பயந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சத்தம் படத்தோடு சேர்ந்து வீடியோ_டிஎஸ்ஸில்தான் இருக்கிறது. உள்ளே எம்பெக்ஏவி என்ற ஃபோல்டர் இருந்தால் அது விசிடி. உள்ளே இன்னொரு ஐஎஸ்ஓ மட்டும் இருந்தால், யாரோ ஐஎஸ்ஓவை ஒரு சாதாரணக் கோப்பாக டிவிடியில் எழுதி, அந்த டிவிடியை மறுபடி இமேஜ் எடுத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுத்து மவுன்ட் செய்யுங்கள்.

திறக்கிறது, ஆனால் ஓடவில்லை

விண்டோஸ் 8-இலிருந்து டிவிடி ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அதனால் விண்டோஸின் சொந்தப் பிளேயரில் பார்த்துவிட்டுக் கைவிடாதீர்கள். விஎல்சியில் 'மீடியா' மெனுவில் ஐஎஸ்ஓ கோப்பையே நேரடியாகக் கொடுக்கலாம், மவுன்ட் செய்யக்கூட வேண்டாம். மெனு படம் வந்து அங்கேயே நின்றுவிட்டால் 'பிளேபேக்' மெனுவில் 'டைட்டில்' போய் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் வீடியோ_டிஎஸ்ஸில் இருக்கும் விஓபி கோப்புகளைத் தனித்தனியாக ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் துண்டு துண்டாக இருக்கும், முகூர்த்தம் ஒரு துண்டில் தொடங்கி அடுத்த துண்டில் முடியும். அது டிவிடியின் வழக்கம்.

கடையில் விற்ற சினிமா டிவிடிகள் பலவற்றில் நகல் பூட்டு உண்டு. அதை அப்படியே இமேஜ் எடுத்தால் கட்டம் கட்டமாகத் தெரியலாம். கல்யாண டிவிடியில் அந்தப் பூட்டு பொதுவாக இருப்பதில்லை. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் வட்டைச் சரியாகப் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

போனிலும் டிவியிலும் பார்க்க வேண்டும் என்றால் எம்பி4 ஆக மாற்றுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் டிவிடி ஐஎஸ்ஓவைத் திறந்து, நீளமான டைட்டிலைத் தேர்ந்தெடுத்து, 'ஃபாஸ்ட் 576பி25' என்ற அமைப்பைக் கொடுங்கள். நம் ஊர் டிவிடிகள் 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 படம் என்ற பால் முறையில் இருப்பதால் அது பொருந்தும். 1080 கொடுத்தால் படம் தெளிவாகிவிடாது. விசிடி என்றால் விஎல்சியின் 'கன்வர்ட்' வசதியே போதும். மாற்றிய பிறகும் மூல இமேஜை வைத்திருங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் படம் கொஞ்சம் தேயும்.

இணையத்தில் "ஐஎஸ்ஓ ரிப்பேர்" என்று தேடினால் பணம் கேட்கும் மென்பொருள்கள் வரிசையாக வரும். அறுந்துபோன பகுதி கோப்பில் இல்லவே இல்லை. இல்லாததை எந்த மென்பொருளாலும் உண்டாக்க முடியாது. அந்தப் பணத்தில் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிவிடலாம். உபுண்டு போன்ற இயங்குதளங்களின் ஐஎஸ்ஓவை இறக்கியிருந்தால் செவன்-ஜிப்பின் வலது கிளிக் மெனுவில் ஷா-256 (கோப்பின் கைரேகை போன்ற ஒரு நீள எண்) பார்த்து, அந்தத் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். கூரியர் ரசீது, பில் என்று மின்னஞ்சலில் வரும் ஐஎஸ்ஓவை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். அப்படி யாரும் பில் அனுப்புவதில்லை, வைரஸ்தான் அனுப்புவார்கள்.

அறுந்த கோப்புக்கு வட்டுதான் மருந்து

அத்தையின் இரண்டாவது கோப்பு 431,219,900 பைட். 2048-ஆலும் வகுபடவில்லை, 2352-ஆலும் வகுபடவில்லை. 2352 கணக்கில் முழு செக்டர் 183,341 வருகிறது, 40 நிமிடம் 44 நொடி. அட்டையில் 52 நிமிடம் என்று இருந்தது. நகல் முடிவதற்குள் யாரோ பென் டிரைவைப் பிடுங்கியிருக்க வேண்டும். போன 11 நிமிடத்தில்தான் பந்தி இருந்தது. பந்தியில் தாத்தா. அவர் நடந்து பேசிச் சிரிக்கிற வீடியோ எங்களிடம் வேறு கிடையாது.

நல்லவேளை, விசிடியை அத்தை தூக்கிப் போடவில்லை. இமேஜ் ஓடுகிறது என்று முழுதாகப் பார்த்து முடிக்கும் வரை மூல வட்டைக் கைவிடாதீர்கள்.

வட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை போல வெளிச்சம் ஊடுருவினால் அந்த இடத்தில் தகவல் படலம் உதிர்ந்திருக்கிறது. சிடியில் அந்தப் படலம் பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. அந்தப் பக்கம் கீறினால் மீட்க முடியாது. பளபளக்கும் பக்கம் அப்படியில்லை, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் தாங்குகிறது, சின்னக் கீறலுக்குப் பயமில்லை. நல்ல பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். தோசைக்கல்லைத் தேய்ப்பதுபோல வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வட்டமாக விழும் கீறல் தகவல் ஓடும் பாதையிலேயே ஓடும், டிரைவால் சமாளிக்க முடியாது.

வட்டைப் படிக்க நான் இம்ஜ்பர்ன் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். விசிடி என்று கண்டுகொண்டு தானாகவே 'பின்', 'கியூ' என எடுத்துக் கொடுக்கும். வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாத செக்டரை விட்டுவிட்டு மேலே போகும்படி அமைப்புகளில் சொல்லிவிடலாம். நிறுவும்போது கூடவே வேறு எதையாவது போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படித்துவிடும் என்பதால் இரண்டு மூன்று கணினியில் முயலுங்கள். என் லேப்டாப் டிரைவில் பல நூறு செக்டர் போனது. நண்பன் வீட்டுப் பழைய மேசைக் கணினியில் 14 செக்டர் மட்டும் போனது. நொடிக்கு 75 என்றால் அது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை.

பந்தியில் சாம்பார் வாளி கடந்துபோகும்போது படம் ஒருமுறை சின்னதாக உடைகிறது. அடுத்த நொடி தாத்தா இலையை மடிக்கிறார்.